துல்லியோ: இருபத்து நான்காம் இதழ்

ராஸ் அல் கைமாவில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர் கார்மேகம். கமுதிப் பக்கம். வயது முப்பத்தெட்டு. அவருக்கு இத்தாலிய மொழியில் நாற்பத்தொரு சொற்கள் தெரியும். எல்லாம் மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பார்த்துக் கற்றவை. ‘பெரிக்கோலோ’ என்றால் ஆபத்து. ‘ஃபெர்மோ’ என்றால் நில். ‘கியூசோ’ என்றால் மூடியிருக்கிறது. ‘அக்குவா’ என்றால் தண்ணீர். மீதிச் சொற்களில் முக்கால்வாசி எண்ணெய் பற்றியவை.

இந்த மூலதனத்தோடு ஒருவர் பிரஸ் மெஷின் ஓட்டலாம். மொழிபெயர்ப்பாளர் ஆவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

ஆறு மாதத்துக்கொரு முறை அந்த மெஷின்களைச் சரிபார்க்க இத்தாலியிலிருந்து செர்ஜியோ என்ற மெக்கானிக் வருவார். போன வருடம் வந்தபோது அவருடைய சட்டைக் கை ஓடுகிற பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. கார்மேகம் பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானைத் தட்டியதால் சட்டை மட்டும் போயிற்று, கை தப்பியது. அடுத்த முறை செர்ஜியோ ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் இருபத்து மூன்று சின்னப் படக்கதைப் புத்தகங்கள். கண்டக்டரின் டிக்கெட் கட்டைப் போல நீளவாக்கில் ஒல்லியானவை, பக்கத்துக்கு மூன்று படம். 1948இல் மிலானில் தொடங்கி அடுத்த வருடமே நின்றுபோன தொடர். கதாநாயகன் பெயர் துல்லியோ. கப்பல் கேப்டனின் மகன், தொப்பியில் இறகு, இடுப்பில் கத்தி.

“எங்கப்பா சின்ன வயசுல வாரா வாரம் வாங்கினது. எங்க வீட்டில் இதைத் தொட ஆள் இல்லை. நீதான் இத்தாலியன் பேசுகிறாயே” என்று செர்ஜியோ தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேம்ப்பின் பதினாலாம் நம்பர் ரூமில் கார்மேகம் வாரம் ஓர் இதழாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். படத்தைப் பார்த்துப் புரிந்ததைச் சொன்னார். புரியாததையும் சொன்னார். வில்லன் பாரோன் நேரோ முதல் இதழில் கோட்டைச் சுவர்மேல் நின்று நீளமாக ஏதோ பேசுகிறான். அதில் கார்மேகத்துக்குத் தெரிந்த சொல் ‘அக்குவா’ ஒன்றுதான். “ஊருக்குத் தண்ணி விட மாட்டேங்கிறான். மடையை அடைச்சுட்டான்” என்றார். ரூமில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் ராமநாதபுரம் மாவட்டம். அந்த நிமிடத்திலிருந்து பாரோனை அவர்கள் சொந்த விரோதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட ஆழமாகக் கதையில் இறங்கியவர் வேலுச்சாமி. சூளைப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். இடுப்பு இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை காலை ஃபிளைட்.

“தம்பி, நான் கெளம்புறதுக்குள்ள அந்த மடை தெறக்கணும். அதைப் பாக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராதுப்பா” என்று அவர் சொல்லியிருந்தார்.

“இன்னும் ரெண்டு இதழ்தாண்ணே. ரெண்டு வெள்ளிக்கிழமை இருக்கு. முடிச்சு அனுப்புறேன்” என்றார் கார்மேகம்.

அவர் முடித்திருப்பார். அதற்குள் அவருக்குப் புகழ் வந்துவிட்டது.

வந்தது ரெனீஷால். அதே ரூமில் இருக்கும் எலக்ட்ரீஷியன், குளச்சல்காரர். இருபத்தோராம் இதழைக் கார்மேகம் சொல்லிக்கொண்டிருந்தபோது நாற்பது விநாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார். அது ஊர் சுற்றி, நாலாம் நாள் வளைகுடாத் தமிழ் மேன்மைப் பேரவையைப் போய்ச் சேர்ந்தது.

பேரவையைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்குத் தலைவர் ஒருவர், இணைத் தலைவர்கள் நால்வர், துணைத் தலைவர்கள் பதினொருவர், செயலாளர்கள் ஒன்பது பேர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. சேர வருகிறவரைப் பதவி கொடுக்காமல் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

மறுநாள் பகல் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இரண்டு கார்கள் கேம்ப் வாசலில் நின்றன. தலைவர் முனைவர் தேவசுந்தரமும் முதல் செயலாளர் ஜெயமணியும் இறங்கினார்கள். கூடவே கேமராக்காரர். வெயில் நாற்பத்து நாலு டிகிரி. கார்மேகத்தின் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி போர்த்தினார்கள். மூன்றாம் முறை போர்த்தியபோது அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. படத்தில் அது பணிவாகத் தெரிந்தது.

“ஐயா, இத்தாலியத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு! இடையில் ஆங்கிலம் இல்லை! இது பேரவையின் சாதனை” என்றார் தேவசுந்தரம்.

“எனக்கு அம்புட்டெல்லாம் தெரியாதுங்க சார். மெஷின்ல எழுதிருக்கத வச்சு…”

“எளிமை! ஜெயமணி, எழுதிக்கோங்க, எளிமை.”

ஜெயமணி எழுதிக்கொண்டார். பிறகு சுருட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “மூல நூல்கள் இந்த மாதிரி இடத்தில் இருக்கக் கூடாது. எண்ணெய்க் கை படும். பேரவையின் ஆவணக் காப்பகத்தில் வைப்போம். ஒரே வாரம்” என்றார். ஆவணக் காப்பகம் என்பது அவருடைய காரின் டிக்கி.

“சார், வெள்ளிக்கிழமைக்கு இருபத்திரண்டாவது வேணுமே…”

“கொடுத்துடுவோம். இங்கே கையெழுத்துப் போடுங்க.”

பொன்னாடை தோளில் கிடக்கும்போது ஒருவரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது போர்த்திக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். கார்மேகம் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. புத்தகம் வரவில்லை. பதினாலாம் நம்பர் ரூமில் ஏழு பேரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“வாயால சொல்லேன்டா” என்றார் ஒருவர்.

“படத்தைப் பாக்காம எப்பிடிண்ணே? இன்னும் நானே அதைப் பிரிச்சுப் பாக்கல. இல்லாததச் சொன்னா பொய்யாப் போயிரும்ல” என்றார் கார்மேகம். நாற்பத்தொரு சொற்களை வைத்து இருபத்தோர் இதழ் சொன்னவருக்கும் ஓர் எல்லை இருந்தது.

வேலுச்சாமி பாதி கட்டிய அட்டைப் பெட்டியின்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

கார்மேகம் ஜெயமணிக்கு ஃபோன் செய்தார். ஜெயமணி, “மதிப்பீட்டுக் குழு கூடுது. நேர்ல வாங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, துபாய்க்கு பஸ் ஏறி, அல் கூஸில் ஒரு டயர் கிடங்கின் மாடியிலிருந்த பேரவை அலுவலகத்துக்குக் கார்மேகம் போய்ச் சேர்ந்தார். சுவர் முழுக்கப் பேரவை தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட கேடயங்கள். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருவருக்கும் இத்தாலியம் தெரியாது. அதனால் பாரபட்சத்துக்கு இடமில்லை என்று தலைவர் விளக்கினார்.

முதலில் மொழித்தூய்மைப் பிரிவு. “துல்லியோ என்ற பெயரை ஆராய்ந்தோம்” என்றார் அதன் பொறுப்பாளர். “துல்லியம், துல்லியன், துல்லியோன். கடைசி மெய்யை இத்தாலியர்கள் விழுங்கிவிட்டார்கள். ஆக, இவன் கடல் கடந்துபோன நம் பையன். ஆகவே இது மொழிபெயர்ப்பு அல்ல. மீட்பு.”

எல்லாரும் கை தட்டினார்கள். ‘மொழிபெயர்ப்பாளர் கார்மேகம்’ என்று அடித்திருந்த பேனரை ‘மீட்பாளர்’ என்று மாற்றத் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்தது பண்பாட்டுப் பிரிவு. பதினாலாம் இதழில் துல்லியோவும் அவன் காதலி மரீனாவும் முத்தமிட்டுக்கொள்கிற படம் இருந்தது. அதன்மேல் பேரவையின் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். சின்னம் பெரிதாக இருந்ததால் பக்கத்துப் படத்தில் இருந்த கப்பலும் போயிற்று. மரீனாவின் சட்டைக்குக் கறுப்பு மார்க்கரால் முழுக்கை வரைந்திருந்தார்கள்.

“ஐயோ, எழுபது வருசத்துப் புத்தகம் சார்!”

“அதனால்தான் இத்தனை வருஷமாகக் கை இல்லாமல் நின்றிருக்கிறாள்” என்றார் பொறுப்பாளர் வருத்தத்தோடு.

மூன்றாவதாக எட்டாம் துணைத் தலைவர் எழுந்தார். பாரோன் நேரோவின் மீசை தன்னுடைய மீசையைப் போலவே இருப்பதாகவும், இது எதிர் அணியின் வேலை என்றும் சொன்னார். 1948இல் அந்த மீசையை வரைந்தவருக்கு எதிர் அணியோடு தொடர்பு இருந்ததா என்று விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது.

கூட்டம் முடிந்ததும் கார்மேகம் எழுந்து நின்றார். “சார், கடைசி ரெண்டு புத்தகத்த மட்டும் குடுங்க. எங்க ரூம்ல ஒரு அண்ணன் இருபத்தேழாந்தேதி ஊருக்குப் போறாரு. அவருக்குக் கதையச் சொல்லிட்டு மறுநாளே கொண்டாந்து தந்துர்றேன்.”

“தாராளமாக” என்றார் தேவசுந்தரம். “பேரவைக்கு ஒளிவுமறைவே கிடையாது. ஆவணம் எடுக்க ஒரு படிவம், அவ்வளவுதான். அதில் உறுப்பினர் இருவர் பரிந்துரை செய்தால் போதும்.”

“யாருங்க சார் உறுப்பினரு?”

தேவசுந்தரம் ஜெயமணியைப் பார்த்தார். ஜெயமணி பதிவேட்டைப் புரட்டினார். “இப்போதைக்கு யாரும் இல்லைங்க. எல்லாரும் நிர்வாகிகள்.”

“அப்ப நிர்வாகி யாராச்சும் கையெழுத்துப் போடலாமா?”

“நிர்வாகிகள் பரிந்துரைக்கக் கூடாது. சிபாரிசுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று விதி எட்டில் இருக்கிறது.”

கார்மேகம் கொஞ்சம் யோசித்தார். “நானும் ரெனீசும் உறுப்பினராச் சேந்துட்டா?”

மேசையைச் சுற்றி ஒரு நெகிழ்ச்சி பரவியது. ஒரு தொழிலாளி தானாக முன்வந்து சேர விரும்புவது இதுதான் முதல் முறை. தலைவரே எழுந்து வந்து கார்மேகத்தைக் கட்டிக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் அவரைப் பன்னிரண்டாம் துணைத் தலைவராகவும், அங்கே இல்லாத ரெனீஷைப் பத்தாம் செயலாளராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகிகள் ஆகிவிட்டதால் இருவரும் பரிந்துரைக்கும் தகுதியை இழந்தார்கள்.

கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்பி வந்த கார்மேகத்தை ரூமில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

“புத்தகம் எங்கடா?”

“குடுக்க மாட்டேன்ட்டாய்ங்கண்ணே. பதவி குடுத்தாய்ங்க.”

“அத வச்சு என்னடா செய்ய?” என்றார் வேலுச்சாமி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கார்மேகத்துக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

‘துல்லியன் மீட்பு விழா’ இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு, துபாயில் ஒரு வாடகை அரங்கத்தில் நடந்தது. பேரவைக்கு ஒரு சிக்கல் உண்டு. நிர்வாகிகள் எல்லாரும் மேடையில் உட்கார்ந்துவிட்டால் கீழே ஆள் இருக்காது. அதற்காகக் கேம்ப்புகளுக்கு பஸ் அனுப்புவார்கள். அந்த பஸ்ஸில் வேலுச்சாமியும் வந்து, இடுப்புக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்கு ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இருபத்து மூன்று துல்லியோக்கள்.

விழா மலரை வெளியிட்டார்கள். நூற்று நாலு பக்கம். தலைவரின் படம் பதினேழு. வாழ்த்துரைகள் எழுபது பக்கம். துல்லியோவின் கதை நாலு பக்கம். அதிலும் இரண்டு பக்கம் தலைவர் துல்லியோவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது.

தேவசுந்தரம் பேசினார். “நான் இந்தப் படக்கதையைப் படித்ததில்லை. படிக்க எனக்கு நேரமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். விழா எடுத்தது யார்? இத்தாலி எடுத்ததா? எழுபது வருடமாக அந்த நாடு என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு பொன்னாடை? ஒரு கேடயம்? அதனால்தான் அந்தத் தொடர் நின்றுபோனது. நம் பேரவை மட்டும் அன்றைக்கு மிலானில் இருந்திருந்தால் புத்தகம் வந்திருக்கிறதோ இல்லையோ, விழா நின்றிருக்காது!”

அரங்கம் கை தட்டியது. பிரியாணிப் பொட்டலம் கடைசியில்தான் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள்.

அடுத்து, ‘இத்தாலியப் பண்பாட்டுத் தூதர்’ என்று அழைப்பிதழில் போட்டிருந்த செர்ஜியோ பேச வந்தார். அந்த வாரம் மெஷின் பார்க்க ராஸ் அல் கைமாவுக்கு வந்திருந்தவரைப் பேரவையின் கார் அப்படியே அள்ளி வந்திருந்தது. வேலைச் சட்டையோடு இருந்தார்.

“நான் தூதர் இல்லை, மெக்கானிக்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

“தூதர் அவர்கள் தன்னடக்கத்தோடு பேசுகிறார்” என்று ஜெயமணி தமிழாக்கினார்.

“இருபத்து மூன்றாவது இதழில் துல்லியோவைக் கோட்டைக்குக் கீழே கட்டிப்போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுகிறது. ‘தொடரும்’ என்று முடிகிறது. அடுத்த வாரம் கடையில் புத்தகம் இல்லை. யாரும் வாங்காததால் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. எண்பது வயதில் சாகும் வரைக்கும் அவ்வப்போது கேட்பார், அவன் எப்படித் தப்பித்திருப்பான் என்று.”

“தமிழே உலகின் மூத்த மொழி என்று இவருடைய தந்தையார் எண்பது வயது வரைக்கும் சொல்லிவந்தாராம்” என்றார் ஜெயமணி.

கை தட்டல் ஓயச் செர்ஜியோ காத்திருந்தார். அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மேடையின் கடைசி நாற்காலியில் இருந்த கார்மேகத்துக்குப் புரிந்தது. தொழிற்சாலை ஆங்கிலம் அந்த அளவுக்குப் போதும். இருபத்து மூன்றோடு கதையே இல்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் வரிசையைப் பார்த்தார். வேலுச்சாமி கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விடிந்தால் ஃபிளைட்.

“மீட்பாளர் கார்மேகம் ஏற்புரை. இரண்டு நிமிடம்” என்று அறிவிப்பு வந்தது.

கார்மேகம் மைக்குக்குப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். பூட்டியிருந்தது.

“சாவி?” என்று கேட்டார்.

“சாவி ஒன்பதாம் செயலாளரிடம். அவர் லீவில் கும்பகோணம் போயிருக்கிறார்” என்றார் ஜெயமணி. “கண்காட்சிப் பொருளைத் தொடக் கூடாது!”

கார்மேகம் செர்ஜியோவைப் பார்த்து ஒரே சொல் சொன்னார். “கியூசோ.”

செர்ஜியோ சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டியின் பின்பக்கக் கீலில் நாலு திருகு. நாற்பது விநாடி ஆயிற்று. இத்தாலிய நாட்டின் தூதரைத் தடுக்கலாமா கூடாதா என்பதைப் பற்றித் துணைத் தலைவர்கள் ஆலோசித்து முடிப்பதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

இருபத்திரண்டையும் இருபத்து மூன்றையும் எடுத்துக்கொண்டு கார்மேகம் மைக் முன்னால் வந்தார். “வேலுச்சாமி அண்ணே, நல்லாத் தெரியுதா?” என்று புத்தகத்தை உயர்த்திக் காட்டிவிட்டு ஆரம்பித்தார்.

இரண்டாம் நிமிடத்தில் மணி அடித்தார்கள். மூன்றாம் நிமிடத்தில் மைக்கை நிறுத்தினார்கள். கீழே இருந்த முன்னூறு பேரும் எழுந்து முன்னால் வந்து மேடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேலுச்சாமிக்கு மட்டும் யாரோ நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்கள். முந்தைய இருபத்தோர் இதழ் தெரியாதவர்களுக்குப் பதினாலாம் நம்பர் ரூம்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்கள். நிர்வாகிகள் சிறப்பு விருந்துக்காகப் பக்கத்து அறைக்குப் போனார்கள். அவர்கள் போனதால் காற்று நன்றாக வந்தது.

இருபத்து மூன்று முடிந்தது. தூணோடு கட்டிக் கிடக்கிற துல்லியோவுக்குத் தாடை வரை தண்ணீர். கார்மேகம் புத்தகத்தை மூடினார்.

“இம்புட்டுத்தான் அச்சடிச்சது. அவிங்க நாட்டுலயே இதுக்கு மேல கெடையாது.”

“அடப்பாவி! அப்ப மடை?” என்று எழுந்தேவிட்டார் வேலுச்சாமி.

“உக்காருங்கண்ணே. சொல்றேன்.”

இல்லாததைச் சொல்லக் கூடாது என்ற தன் எல்லையைக் கார்மேகம் அங்கேதான் தாண்டினார். தண்ணீர் ஏற ஏறக் கயிறு ஊறியது. ஊறிய கயிறு நெகிழ்ந்தது. துல்லியோ ஒரு கையை உருவினான், அடுத்த கையை உருவினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போனான். அங்கேதான் மடை. பாரோன் நேரோ அடைத்து வைத்த பலகையைக் காலால் ஒரே உதை. கோட்டைக்குள் தேங்கிய தண்ணீர் முழுக்க ஊர்ப்பக்கம் பாய்ந்தது. வயல், கண்மாய், கிணறு எல்லாம் நிரம்பின. பாரோன் மட்டும் மீசையோடு கடலுக்குப் போனான்.

முன்னூறு பேர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டாம் துணைத் தலைவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். செர்ஜியோவுக்குத் தமிழ் தெரியாது. ரெனீஷ் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டு, கடைசியில் அவர் கார்மேகத்தின் தலையைப் பிடித்து இழுத்து உச்சியில் முத்தமிட்டார். அதன்மேல் ஒட்டுவதற்குப் பேரவையின் சின்னம் யாரிடமும் இல்லை.

வேலுச்சாமி பஸ்ஸில் திரும்பும்போது கார்மேகத்தின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். காலையில் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை பேரவையிலிருந்து கடிதம் வந்தது. பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் கதையை முடித்த ஒழுங்கீனத்துக்காகப் பன்னிரண்டாம் துணைத் தலைவர் பதவியிலிருந்து கார்மேகம் நீக்கப்படுகிறார். முடிவை மறுபரிசீலனை செய்ய ஐவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. பதவி போனதால் அவர் சாதாரண உறுப்பினர் ஆகிவிட்டார் என்றும், இனி ஆவணம் எடுக்கப் பரிந்துரைக்கலாம் என்றும் கீழே ஜெயமணி கையால் எழுதியிருந்தார். விழா அன்றைக்கே ரூம்காரர்கள் அள்ளி வந்துவிட்டதால், ஆவணங்கள் கார்மேகத்தின் கட்டிலுக்கடியில் சுருட்டுப் பெட்டிக்குள் இருந்தன.

வியாழக்கிழமை வேலுச்சாமி வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் வேப்ப மரம், மாட்டுக் கொட்டகை.

“தம்பி, நல்லபடியா வந்து சேந்துட்டேன். வந்த அன்னைக்கே வடிவுகிட்ட மொத்தக் கதையையும் சொல்லிட்டேன். அவ ஒண்ணு கேக்குறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இந்தா, நீயே பேசு.”

வேலுச்சாமியின் மனைவி வடிவு திரையில் வந்தார். கையில் சாணி.

“தம்பி, கத நல்லாருக்கு. ஆனா தண்ணில ஊறுனா கயிறு நெகிழுமுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? இறுகத்தான் செய்யும். மழைல நனைஞ்ச கயித்த மாட்டுக் கழுத்துலேர்ந்து நான் அறுத்துல்ல எடுக்குறேன். அப்ப அந்தப் புள்ள எப்பிடித் தப்பிச்சான்?”

பதினொரு பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு இப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை.

“மதினி, எனக்கு நாளைக்கு வரைக்கும் டயம் குடுங்க” என்றார் கார்மேகம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினாலாம் நம்பர் ரூமில் எல்லாரும் உட்கார்ந்து, ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து வடிவையும் கூப்பிட்டு, துல்லியோவை மறுபடியும் தூணில் கட்டினார்கள்.